பழைய தாள் காசை விற்பதற்கு முன் அதை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தாள் காசுகளை அடையாளம் காண்பது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் மாதம் ஒரு பக்கமாவது ஒதுக்க முடியுமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கேட்பதற்கான காரணத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கமெல்லாம் பழைய வீடுகள் இடிபட்டுத் தொடர்மாடிகள் எழும்புகின்றன. பெரியவர்கள் காலமாகிறார்கள், அல்லது வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ போய்விடுகிறார்கள். அப்படி ஒரு வீட்டை ஒழிக்கும்போது அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு தகரப்பெட்டி வெளியே வரும். அதற்குள் காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பழைய வங்கிப் புத்தகம், கூடவே ஜோர்ஜ் மன்னரின் படமோ எலிசபெத் மகாராணியின் படமோ போட்ட சில தாள்கள். அடுத்து நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பழைய சாமான் எடுக்க வருபவர் கேட்ட விலைக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் வட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, எழுபதுகளில் கடை கடையாகப் புழங்கிய இரண்டு ரூபாத் தாளை இலட்சக்கணக்கில் விற்கலாம் என்று காத்திருப்பார்கள். முதலாவதில் பொருள் போகிறது, இரண்டாவதில் சில நேரம் கைக்காசும் போகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கையில் இருப்பது எந்தத் தாள் என்று தெரிந்துகொள்ளாமலே அதன் விலையைத் தேடப் போகிறோம்.

கைக்காசு போகும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் வயதானவர்கள் அகப்படுகிறார்கள். "உங்கள் தாளை ஐந்து இலட்சத்துக்கு எடுக்கிறோம், பதிவுக் கட்டணத்தை மட்டும் முதலில் போட்டுவிடுங்கள்" என்று ஒரு அழைப்பு வரும். அதைக் கட்டினால் அடுத்து வரி என்பார்கள், அப்புறம் கூரியர் செலவு என்பார்கள். இந்தியாவில் இது எவ்வளவு தூரம் போனதென்றால், தன் பெயரைச் சொல்லிச் சிலர் பழைய தாள்களுக்கும் நாணயங்களுக்கும் கட்டணமும் கமிஷனும் கேட்கிறார்கள் என்று 2021 ஓகஸ்டில் ரிசர்வ் வங்கியே பகிரங்கமாக எச்சரிக்க வேண்டி வந்தது. உண்மையாக வாங்குகிறவர் உங்களுக்குக் காசு தருவாரே தவிர, உங்களிடம் காசு கேட்கமாட்டார். கேட்ட உடனேயே தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

சரி, விலை எதனால் வருகிறது? பழசு என்பதால் அல்ல. நூறு வருடம் பழைய தாள் ஒன்று ஒருவேளைச் சாப்பாட்டுக் காசுக்குப் போகலாம், ஐம்பது வருடத் தாள் ஒன்றுக்கு நாலு பேர் போட்டி போடலாம். வெளியே போன தாளில் எத்தனை திரும்பி வராமல் தப்பியது, தப்பியதில் எத்தனை நல்ல நிலையில் இருக்கிறது, அதைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. தாள் காசு என்பதே திரும்பிப் போவதற்காக அச்சிடப்படுவது. வங்கி அதைத் திரும்ப எடுத்து அழித்துவிடும். திரும்பிப் போகாமல் எங்கேயோ ஒரு புத்தகத்துக்குள்ளோ பெட்டிக்குள்ளோ மாட்டிக்கொண்டதுதான் இன்று சேகரிப்பாளர் கையில் இருப்பது.

இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1884-க்கு முந்திய பல வருடங்களாக இங்கே தனியார் வங்கிகள்தான் தங்கள் பெயரில் தாள் வெளியிட்டன, அவற்றில் பெரியது ஓரியண்டல் பேங்க் கோர்ப்பரேஷன். 1869-ல் தலைகாட்டிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அரித்துக்கொண்டே போக, தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த அந்த வங்கி 1884 மே மாதம் கதவை மூடியது. கையில் அதன் தாளை வைத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அப்போதைய தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன், அந்தத் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று துணிந்து அறிவித்தார். அது அவர் செய்த பெரிய காரியம் என்பதுதான் என் எண்ணம், அன்றைக்கு அவர் தயங்கியிருந்தால் சின்ன மனிதர்கள்தான் முதலில் அழிந்திருப்பார்கள். அதே வருடம் தாள் காசுச் சட்டம் வந்தது, 1885-லிருந்து அரசாங்கத்தின் பெயரிலேயே தாள்கள் வெளிவந்தன. பொறுப்பேற்றதால் மக்கள் ஓரியண்டல் வங்கித் தாள்களைக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டார்கள். அதனால்தான் இன்று அந்த வங்கியின் தாள் ஒன்றைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம்.

இரண்டாவது உதாரணம் நம்மில் பலருக்கு நினைவில் இருக்கும். 1970-ல் நிதி அமைச்சராக இருந்த கலாநிதி என்.எம். பெரேரா, கறுப்புப் பணத்தை வெளியே கொண்டுவருவதற்காக ஐம்பது ரூபா, நூறு ரூபாத் தாள்களைச் செல்லாது என்று அறிவித்தார். வைத்திருந்தவர்கள் வங்கிக்குக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அதற்கு முந்திய ஐம்பதும் நூறும் இன்று ஏன் ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாத் தாள்களைவிட அவ்வளவு அரிது என்பதற்கு இது பெரிய காரணம். பெட்டியில் எலிசபெத் படம் போட்ட நூறு ரூபாத் தாள் இருந்தால், யாரிடமும் காட்டுவதற்கு முன் பத்திரமாக எடுத்து வையுங்கள். அதே படம் போட்ட ஒரு ரூபாத் தாள் ஓரளவு கிடைக்கக் கூடியது, ஆனால் அதுவும் மடிப்பில்லாமல் இருந்தால் கதை வேறு.

வெளிநாட்டிலும் இதே கணக்குத்தான். அமெரிக்காவில் 1863-லிருந்து 1935 வரை ஊர் ஊராக இருந்த ஆயிரக்கணக்கான வங்கிகள், மத்திய அரசின் அனுமதியோடு தங்கள் பெயரிலேயே தாள் வெளியிட்டன. நஷனல் பேங்க் நோட் என்று சொல்வார்கள். படமும் அமைப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும், வங்கியின் பெயரும் ஊரும், அரசு அந்த வங்கிக்குக் கொடுத்த அனுமதி எண்ணான பட்டய எண்ணும்தான் மாறும். பெருநகர வங்கியின் தாள் கட்டுக்கட்டாகத் தப்பியிருக்கும், அதே வருடம் அதே படத்தோடு வந்த ஒரு சிற்றூர் வங்கியின் தாள் உலகத்திலேயே ஓரிரண்டுதான் மிஞ்சியிருக்கும். அங்கே உள்ள உறவினர் யாராவது அப்படி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், படத்தைப் பார்க்காமல் ஊர்ப் பெயரையும் எண்ணையும் பாருங்கள் என்று சொல்லுங்கள். நம் தாள்களிலும் அப்படித்தான், முகத்தைப் பார்த்து விலை சொல்லக் கூடாது, எழுத்தைப் படிக்க வேண்டும்.

இனி எதைப் படிப்பது என்று வருகிறேன். தாளில் திகதி இருக்கும். கையெழுத்து இரண்டு இருக்கும். இலக்கத்துக்கு முன்னால் ஒரு எழுத்தும் எண்ணும் சேர்ந்த முன்குறி இருக்கும். வெளியிட்டவர் யார் என்று இருக்கும். இவற்றை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

வெளியிட்டவரிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்தில் 'சிலோன் அரசாங்கம்' என்று இருந்தால் அது மத்திய வங்கி வருவதற்கு முந்தியது. மத்திய வங்கி 1950 ஓகஸ்ட் 28-ல் தொடங்கப்பட்டது, அதன் முதல் தாள்களில் 1951 ஜனவரி 20 என்ற திகதியும் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் படமும் இருக்கும். மன்னர் அடுத்த வருடமே காலமாகிவிட்டதால் அந்த வரிசை நீளவில்லை. 1952 ஜூன் 3 திகதியோடு எலிசபெத் மகாராணியின் படம் வந்தது. 1956-லிருந்து மகாராணியின் இடத்தில் அரச இலச்சினை. அறுபதுகளில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் படம், பிறகு பொலன்னறுவையிலுள்ள பராக்கிரமபாகு சிலை என்று சொல்லப்படும் உருவம். இந்தப் பராக்கிரமபாகு வரிசையின் இரண்டு ரூபாவையும் ஐந்து ரூபாவையும்தான் வீடியோக்களில் இலட்சத்துக்கு ஏலம் விடுகிறார்கள், உண்மையில் நம் வீடுகளில் அதிகமாகக் கிடப்பதே அதுதான். 1979-ல் வந்த வரிசையில் ஆள் படமே இல்லை, மீனும் பறவையும் வண்ணத்துப்பூச்சியும் செடிகொடிகளும், பின்பக்கம் நெடுக்காக. ஓவியர் லக்கி சேனாநாயக்க வரைந்தது. இந்த நாட்டில் அச்சான தாள்களிலேயே அழகானது அதுதான் என்று நான் யாரோடும் வாதாடத் தயார். உலகம் முழுக்க அதை விரும்பிச் சேர்க்கிறார்கள், ஆனால் பலர் அப்போதே எடுத்து வைத்துவிட்டதால் அதன் சிறிய தாள்கள் இன்னும் கிடைக்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். 1972-ல் நாடு குடியரசாகி ஸ்ரீலங்கா ஆனது எல்லோருக்கும் தெரியும், ஆகவே தாளில் ஆங்கிலத்தில் 'சிலோன்' என்று கண்டால் 1972-க்கு முந்தியது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படி அல்ல. மத்திய வங்கியின் ஆங்கிலப் பெயர் 1985 வரை மாறவில்லை, எனவே 1979 வரிசையிலும் 1982 வரிசையிலும் கூட 'சிலோன்' என்றே இருக்கும். விற்கிறவர் "இது சிலோன் காலத்துத் தாள்" என்று சொல்லி விலையை ஏற்றினால் திகதியைக் காட்டச் சொல்லுங்கள்.

திகதியும் தாள் கைக்கு வந்த நாளும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வைத்திருங்கள். இப்போது நாம் பேர்ஸில் வைத்திருக்கும் பறவையும் நடனக்காரரும் உள்ள வரிசையின் முதல் தாள்களில் 2010 ஜனவரி 1 என்று இருக்கிறது, ஆனால் அவை வெளிவந்தது 2011 பெப்ரவரியில். சேகரிப்பாளர் கணக்கில் எடுப்பது தாளில் அச்சிட்ட திகதியைத்தான்.

கையெழுத்துகள் இன்னும் சுவையானவை. நம் தாள்களில் நிதி அமைச்சரும் மத்திய வங்கி ஆளுநரும் கையெழுத்திடுவார்கள், ஆட்சியும் பதவியும் மாற மாறச் சோடிகளும் மாறும். 1952 தாளில் நிதி அமைச்சராக ஜே.ஆர். ஜயவர்தனவும் முதல் ஆளுநரான அமெரிக்கர் ஜோன் எக்ஸ்டரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அதே மகாராணி படத்தோடு 1954 ஒக்டோபர் 16 திகதியிட்ட ஒரு ரூபாத் தாளும் உண்டு, அப்போது அந்த இருவருமே அந்தப் பதவிகளில் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், படிக்கிறவனுக்குத்தான் இரண்டு வெவ்வேறு தாள். அமைச்சர்கள் சில மாதங்களே இருந்துவிட்டுப் போன காலங்கள் நம் நாட்டில் குறைவில்லையே, அப்படிக் குறுகிய காலச் சோடி ஒன்று தாளில் இருந்தால் அதைத் தேடி வருகிறவர்கள் இருப்பார்கள். ஒரே மதிப்புள்ள தாள்கள் பல இருந்தால் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி விற்றுவிடாமல், ஒவ்வொன்றாகத் திருப்பித் திகதியையும் பெயர்களையும் எழுதச் சொல்வது இதனால்தான்.

முன்குறியைப் பற்றி இரண்டே வார்த்தை. அச்சில் பழுதான தாளுக்குப் பதிலாகக் கட்டுக்குள் வைக்கப்படும் மாற்றுத் தாளுக்குத் தனி முன்குறி கொடுப்பார்கள், டி லா ரூ நிறுவனம் அச்சிட்ட பிந்திய இலங்கைத் தாள்களில் அது 'இசட்' எழுத்தில் தொடங்கும். சாதாரணத் தாளைவிட இவற்றுக்கு விலை கூட. இலக்கமே ஒரு கவர்ச்சியாக இருப்பதும் உண்டு. ஆறு இலக்கமும் ஒன்றாக இருப்பது, முன்னும் பின்னும் ஒன்றுபோல வாசிப்பது, மிகச் சிறிய இலக்கம், முஸ்லிம் நண்பர்கள் விரும்பும் 786, இவற்றையெல்லாம் சிலர் கேட்டு வாங்குவார்கள். ஆனால் அது வாங்குகிறவரின் ஆசையைப் பொறுத்த விலை, அதை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிட வேண்டாம்.

1942-ஐப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், எனக்கு அந்த வருடத்தின் மேல் தனிப் பிரியம். யுத்தம் நடக்கிறது, உலோகத்துக்குத் தட்டுப்பாடு, சில்லறை கையில் கிடைப்பதில்லை. அப்போது அரசாங்கம் சதத்துக்கும் தாள் அச்சிட்டது. அவற்றில் ஐந்து சதத் தாள் ஒன்று உண்டு, நடுவில் முத்திரைகளில் இருப்பதுபோல வரிசையாகத் துளையிட்டிருக்கும். துளையோடு கிழித்தால் ஒரு பக்கம் இரண்டு சதம், மறுபக்கம் மூன்று சதம். கடைக்காரன் கிழித்து மிச்சம் கொடுக்கலாம். இப்படி ஒரு தாள் நம் ஊரில் புழங்கியது என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். கிழிக்காத முழுத் தாளைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள், அதுவும் துளை வரிசையில் மடித்து மடித்துத் தளர்ந்துபோகாததை. கிழித்த பாதி கிடைத்தாலும் எறிந்துவிடாதீர்கள், விலை குறைவுதான், ஆனால் தாளின் நோக்கத்தைச் செய்து முடித்த பாதி அது. சின்னதாக இருப்பதால் பலர் ஏதோ பழைய ரிக்கெற் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். இதே யுத்த காலத்தில்தான் நம் ரூபாத் தாள்கள் சிலவற்றை இங்கிலாந்தில் அச்சிடாமல் இந்தியாவில் நாசிக்கில் அச்சிட்டார்கள். முதல் யுத்தத்திலும் இப்படித்தான் உலோகத்துக்குத் தட்டுப்பாடு, ஒரு ரூபா, இரண்டு ரூபாத் தாள்கள் வந்தது 1917-ல், அந்தத் தேவையால்.

அடுத்தது நிலை. விலையின் பெரும்பகுதி இங்கேதான் போய்விடுகிறது, அதுவும் நம் கையாலேயே.

புழக்கத்துக்கே வராத, ஒரு மடிப்பும் இல்லாத தாளை அன்சர்க்குலேட்டட் என்கிறார்கள். நடுவில் ஒரு மடிப்பு விழுந்தாலே ஒரு படி இறங்கும். இரண்டு மூன்று மடிப்பு, ஓரம் தளர்வு, அழுக்கு, கிழிசல் என்று ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே போகும். அரிதான தாள் என்றால் மோசமான நிலையிலும் வாங்குவார்கள், சாதாரணத் தாள் என்றால் புத்தம் புதிதாக இருந்தால் மட்டுமே கேட்பார்கள். நம் வீடுகளில் புத்தம் புதிய தாள்கள் எங்கே இருக்கும் தெரியுமா? சித்திரை வருடப் பிறப்புக் கைவிசேடத்தில். பெரியவர்கள் வங்கியில் சொல்லி வைத்து எடுத்த சலவைத் தாளை வெற்றிலையோடு கொடுப்பார்கள், அதைச் செலவழிக்காமல் பஞ்சாங்கத்துக்குள்ளோ சாமியறைப் பெட்டியிலோ வைத்துவிடும் பழக்கம் பல குடும்பங்களில் இருந்தது. அந்தப் பழக்கம் காப்பாற்றிய தாள்கள் நிறைய. ஆனால் மஞ்சள், குங்குமம், வெற்றிலை ஈரம் பட்ட கறை இருந்தால் விலை கீழே வந்துவிடும். குடும்பத்துக்கு அந்தக் கறைதான் அருமை என்றால் விற்காதீர்கள், அது உங்கள் வீட்டுத் தாள்.

விற்க நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், தாளைச் சுத்தம் செய்யாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, கணவர் அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்த காலத்தில் வைத்திருந்த தாள்களை, பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு கடையில் கொடுத்து லமினேற் செய்துவிட்டார். அந்தப் பிளாஸ்டிக்கை இனிப் பிரிக்க முடியாது, பிரித்தால் மையும் கூடவே வந்துவிடும். அருமையான தாள்கள், அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. கடைக்காரராவது வேண்டாம் அம்மா என்று சொல்லியிருக்கலாம். இன்னும் சிலர் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து மடிப்பை எடுக்கிறார்கள். தெரிந்தவர் கண்ணுக்கு அது உடனே பட்டுவிடும், தாளின் மொறுமொறுப்பும் எழுத்தின் மேட்டுத்தன்மையும் போயிருக்கும், புற ஊதா விளக்கில் பிடித்தால் சவர்க்காரத் தூளிலுள்ள வெண்மையூட்டி பளிச்சென்று தெரியும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டுவதும் அப்படித்தான், டேப்பின் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். கிழிந்தது கிழிந்ததாகவே இருக்கட்டும். குண்டூசி துருப்பிடித்திருந்தால் மட்டும் மெதுவாகக் கழற்றிவிடுங்கள்.

போலியைப் பற்றியும் கேட்கிறார்கள். இணையத்தில் பழைய சிலோன் தாள்களின் நகல்கள் விற்கப்படுகின்றன, அதில் நகல் என்று எழுதாமல் விடுகிறவர்களும் உண்டு. தாளை ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்தால் மத்திய வங்கியின் ஐம்பதுகளின் தாள்களில் சிங்க உருவ நீர்க்குறி காகிதத்துக்குள்ளேயே இருக்கும், மேலே அச்சிட்டதுபோல் இருக்காது. அவற்றை அச்சிட்ட பிராட்பரி வில்கின்சன் என்ற ஆங்கில நிறுவனத்தின் செதுக்கல் அச்சு, விரல் நுனிக்கு மேடாகத் தட்டுப்படும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் கோடுகள் கோடுகளாகவே தெரியும், கணினி அச்சுப்பொறியில் எடுத்தது புள்ளி புள்ளியாகச் சிதறும். இந்த மூன்றுக்கும் பெரிய செலவில்லை.

இனி விலை. எந்தப் புத்தகமும் எந்த இணையப் பட்டியலும் உங்கள் கையிலிருக்கும் தாளின் விலையைச் சொல்லாது, அவை சொல்வது ஒரு வகைத் தாளின் விலையை. உலகச் சேகரிப்பாளர்கள் தாள்களைப் பிக் எண் என்ற எண்களால் குறிப்பிடுகிறார்கள், அல்பர்ட் பிக் என்ற ஜேர்மானியர் தொடங்கிவைத்த பட்டியலின் பெயரில். உங்கள் தாளின் நாடு, மதிப்பு, திகதி தெரிந்தால் அந்த எண் கிடைத்துவிடும், அந்த எண்ணை வைத்துத் தேடினால் அதே தாள் ஏலங்களில் என்ன விலைக்குப் போனது என்று பார்க்கலாம். இங்கே கவனிக்க வேண்டியது, விற்றுமுடிந்த விலையை மட்டும் பாருங்கள். இணையத்தில் யாரும் எந்த விலையையும் போட்டு வைக்கலாம், ஐந்து இலட்சம் என்று போட்டுவிட்டு ஐந்து வருடம் விற்காமல் கிடக்கும் தாள்கள் எத்தனையோ. அப்புறம் அந்த விலை எந்த நிலைத் தாளுக்கு என்று பாருங்கள். மடிப்பில்லாத தாளின் விலையை எட்டாக மடித்த தாளுக்குக் கேட்டால் எந்த வியாபாரியும் சிரிக்காமல் என்ன செய்வார்.

வியாபாரிகளையும் நான் குறை சொல்லவில்லை. செட்டியார் தெருவிலும் கோட்டைப் பக்கத்திலும் முத்திரை, நாணயம், தாள் வாங்கி விற்கிறவர்களில் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் இடைவெளி இருக்கத்தான் வேண்டும், கடை வாடகை கட்ட வேண்டும், சில தாள்கள் வருடக்கணக்கில் விற்காமல் கிடக்கும். அது நியாயமான இலாபம். நியாயமில்லாதது, விதவைப் பெண்மணி ஒருவர் கொண்டுவந்த கட்டில் அரிய தாள் ஒன்றைக் கண்டும் காணாததுபோல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொல்வது. அதைத் தடுக்க ஒரே வழி, அவர் ஒரு பட்டியலோடு போவது. திகதி, கையெழுத்து, முன்குறி எழுதிய பட்டியல் கையில் இருந்தால் பேச்சே மாறிவிடும். ஒரே ஆளிடம் காட்டாமல் இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள், தாள்களை "பார்த்துச் சொல்கிறேன், வைத்துவிட்டுப் போங்கள்" என்றால் வைத்துவிட்டு வராதீர்கள், படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அனுப்பித் தரப்படுத்தி, எழுபது புள்ளிக்கு இத்தனை என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு வாங்குவது இப்போது இங்கேயும் பரவுகிறது. மிக அரிய தாளுக்கு அது சரி, வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும். சாதாரணத் தாளுக்கு அனுப்புகிற செலவும் கட்டணமும் தாளின் விலையையே விழுங்கிவிடும்.

நினைவுத் தாள்களைப் பற்றி அடிக்கடி கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். சுதந்திரத்தின் ஐம்பதாவது ஆண்டுக்கு 1998-ல் வந்த இருநூறு ரூபா பொலிமர் தாளையும், யுத்தம் முடிந்ததும் 2009-ல் வந்த ஆயிரம் ரூபாத் தாளையும் பலர் எடுத்து வைத்திருக்கிறார்கள். எல்லோரும் எடுத்து வைத்தது எப்படி அரிதாகும்? வைத்திருங்கள், கசங்காமல் வைத்திருங்கள், அவசரமாக விற்க ஒன்றுமில்லை.

வைக்கும் விதத்தில் கொழும்பின் கடற்காற்றுத்தான் பெரிய எதிரி. ஈரப்பதத்தில் பழுப்புப் புள்ளி விழும், பூச்சி அரிக்கும். மலிவான பிவிசி அல்பத்தில் வைக்காதீர்கள், அந்த வகைப் பிளாஸ்டிக் காலப்போக்கில் கசிந்து தாளில் ஒட்டிக்கொள்ளும். பொலியெஸ்டர் உறை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அமிலமில்லாத வெள்ளைக் காகிதத்துக்குள் தட்டையாக வைத்து, சுவர் படாத தட்டில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள்.

என் வேண்டுகோளுக்கு வருகிறேன். கோட்டையில் சதாம் வீதியிலுள்ள சென்ட்ரல் பொயின்ட் கட்டடத்தில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போனால் நான் மேலே சொன்ன தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடிக்குள் பார்க்கலாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். வருடத்தில் ஒரு நாளாவது பொதுமக்கள் தங்கள் வீட்டுத் தாள்களைக் கொண்டுவந்து, இது என்ன, எந்தக் காலம், எப்படிப் பாதுகாப்பது என்று தமிழிலும் சிங்களத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கே ஒரு ஏற்பாடு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். விலை சொல்ல வேண்டாம், அது வங்கியின் வேலை அல்ல. அடையாளம் சொன்னால் போதும். இதை உங்கள் பத்திரிகை எழுதிக் கேட்டால் ஒரு வாசகன் கேட்பதைவிடக் காதில் விழும்.

அதுவரை உங்கள் இதழில் அந்தப் பக்கத்தைத் தொடங்கலாம். வாசகர்கள் தாளை அனுப்ப வேண்டாம், இரண்டு பக்கத்தின் படம், பக்கத்தில் ஒரு அடிக்கோல், திகதி, கையெழுத்துகள், முன்குறி, இவை போதும். இலக்கத்தின் கடைசி மூன்று எண்களை மறைத்து அனுப்பச் சொல்லுங்கள், பெயரும் முகவரியும் அச்சில் வர வேண்டாம். எந்தத் தாள், எந்த நிலை, எவ்வளவு அரிது என்று பதில் எழுத நான் தயாராக இருக்கிறேன், அதற்குக் காசு வேண்டாம், அந்தத் தாள்களில் எதையும் நான் வாங்கவும் மாட்டேன், அதை முதல் பக்கத்திலேயே அச்சிட்டுவிடுங்கள். முதல் மாதத்துக்கு 1942 சதத் தாள்களையும் 1970-க்கு முந்திய ஐம்பது, நூறு ரூபாத் தாள்களையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. வீடு ஒழிக்கும்போது முதலில் குப்பைக்குப் போவது சதத் தாள், முதலில் ஏமாந்து விற்கப்படுவது நூறு ரூபாத் தாள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்,
கொழும்பு 6.